மேற்கே சாரல், கிழக்கே கரிசல்

தென்காசியில் ஏறி, கடையநல்லூர், புளியங்குடி வழியாகச் சங்கரன்கோவில் வந்து, அங்கே திருவேங்கடத்துக்கு வண்டி மாறுகிற பாதை ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கோடைகளைக் காட்டுகிறது. முதல் பாதி தூரத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை இடது கைப்பக்கம் கூடவே வரும். மே மாதத்திலும் அடிவாரத்துத் தென்னந்தோப்புகள் பச்சையாக நிற்கும். குளத்திலோ கிணற்றிலோ கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். புளியங்குடி எலுமிச்சைச் சந்தையைத் தாண்டி வண்டி மலையை விட்டு விலக விலக நிலத்தின் நிறம் மாறுகிறது. சங்கரன்கோவிலின் பூச்சந்தையையும் விசைத்தறிச் சத்தத்தையும் கடந்து வடகிழக்கே திரும்பினால் மண் கறுத்துவிடும். பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் வீடு வந்து சேர்ந்தபின் மாசி, பங்குனியிலேயே காடு காலி. சித்திரையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பின் அகலம் ஆட்டுக்குட்டியின் கால் உள்ளே இறங்கிவிடுகிற அளவு. சாலையோரச் சீமைக்கருவேலத்துக்கு முள் உண்டு, ஒதுங்குவதற்கு நிழல் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைக் குற்றாலத்திலும் செங்கோட்டையிலும் இறக்கிவைத்துவிட்டு, கிழக்கே வெறுங்காற்றாக வந்து சேர்கிறது. திருவேங்கடத்துக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். ஆனி மாதம் மேற்கே சாரல் விழுந்து ஊரே குளிர்ந்து கிடக்கும்போது, கிழக்கே குடத்தோடு குழாயடியில் நிற்பார்கள்.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. எட்டுத் தாலுகாக்களில் திருவேங்கடமும் ஒன்று. ஊர் பேரூராட்சி; சுற்றியுள்ள கிராமங்கள் பெரும்பாலும் குருவிகுளம் ஒன்றியத்தைச் சேர்ந்தவை. மாவட்டத் தலைநகர் மேற்கு ஓரம் மலையடியில் இருக்க, இந்தத் தாலுகா வடகிழக்கு மூலையில் கிடக்கிறது. மருத்துவம், கல்லூரி, துணிமணி, சம்பள வேலை என்று இங்குள்ளவர்கள் கோவில்பட்டிக்குப் போவார்கள், சிவகாசிக்குப் போவார்கள், ராஜபாளையத்துக்குப் போவார்கள். இவற்றில் ஒன்றுகூடத் தென்காசி மாவட்டத்தில் இல்லை. கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டம். மற்ற இரண்டும் விருதுநகர் மாவட்டம். கூப்பிடு தூரத்தில் இருக்கிற கழுகுமலைகூட வேறு மாவட்டம்தான். மக்களின் நடமாட்டம் ஒரு திசையில் போக, அரசின் கோப்புகள் இன்னொரு திசையில் போகின்றன. மற்ற மாதங்களில் இது சின்னத் தொந்தரவு. சான்றிதழுக்கு ஒருநாள் லீவு போட்டுப் போய்வந்தால் முடிந்தது. கோடையில் இதன் விளைவு வேறு. கோடை வந்தால் அரசு குழந்தைகளுக்கென்று நடத்துகிற நிகழ்ச்சிகள் ஏறக்குறைய எல்லாமே மாவட்டத் தலைநகரை நடுவாக வைத்துத் திட்டமிடப்படுகின்றன.

அந்த நிகழ்ச்சிகளின் பட்டியல் நமக்குத் தெரிந்ததே. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் மாவட்ட விளையாட்டரங்குகளில் கோடைக்காலப் பயிற்சி முகாம் நடத்துகிறது. தடகளம், கைப்பந்து, கூடைப்பந்து என்று முறையான பயிற்றுநர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஜவகர் சிறுவர் மன்றங்களில் பாட்டு, பரதம், ஓவியம். மதுரையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் கோடை விடுமுறையில் குழந்தைகளுக்குத் தொடர் நிகழ்ச்சிகள் நடத்தியிருக்கிறது. எல்லாம் நல்ல காரியங்கள். இவற்றில் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் 'கோடை விழா' என்ற பெயரில் அரசு செலவழிப்பது எங்கே என்று பாருங்கள்: ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு. ஊட்டி மலர்க்காட்சி 1896-லிருந்து நடக்கிறது. வெயில் தாங்காமல் சென்னை மாகாண அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு நீலகிரிக்கு ஏறிய காலத்து ஏற்பாடு அது. கோடை என்றால் கிளம்பிப் போகிற காலம் என்ற எண்ணம் அன்றே நிர்வாகத்தின் மனதில் உட்கார்ந்துவிட்டது. கிளம்ப முடியாதவர்களுக்கு ஊரிலேயே என்ன செய்து தருவது என்ற கேள்வி அதற்குப் பின்னால் மறைந்துபோனது. திருவேங்கடம் போன்ற ஊருக்குக் கோடையில் வேண்டியது புதிதாக ஒரு முகாம் அல்ல என்பது என் கருத்து. பத்து மாதம் திறந்திருக்கிற சமையற்கூடம், பள்ளி மைதானம், நூலகம், வகுப்பறைத் தாழ்வாரம் ஆகியவற்றை மற்ற இரண்டு மாதமும் பூட்டாமல் வைத்திருந்தால் அதுவே இந்த ஊருக்கான கோடைத் திட்டம்.

சமையற்கூடத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் விட அதன் பூட்டுதான் குழந்தையின் உடம்பில் தெரிகிறது. பள்ளியில் மதிய உணவு என்ற ஏற்பாட்டுக்குக் கரிசல் காட்டோடு பழைய உறவு உண்டு. 1920-இல் சென்னை மாநகராட்சியில் தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியதைக் காமராசர் மாநிலத் திட்டமாக விரித்தபோது, 1956-இல் அதற்குத் தொடக்க விழா நடந்த ஊர் எட்டயபுரம். திருவேங்கடத்திலிருந்து கோவில்பட்டி தாண்டினால் வந்துவிடும். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக்கினார். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆக, இன்று அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்குக் காலையில் உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ, மதியம் சோறும் முட்டையும் பள்ளியிலேயே கிடைக்கின்றன. ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடியதும் இரண்டும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு 300 நாள் உணவு என்பது கணக்கு. அதே குழந்தை அங்கன்வாடியை விட்டு ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் அந்தக் கணக்கு ஏறக்குறைய 220 பள்ளி நாளாகச் சுருங்குகிறது. வளர்கிற பிள்ளைக்குப் பசி கூடத்தான் செய்யும். எண்பது நாள் குறைந்ததற்குப் பள்ளி நாட்காட்டியைத் தவிர வேறு காரணம் கிடையாது.

இதை மாற்ற முடியாது என்று சொல்வதற்கும் இடமில்லை. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20 அன்று பிறப்பித்த ஆணையிலேயே, வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அப்படி அறிவிப்பு வராத ஆண்டிலும் சித்திரை, வைகாசியில் குருவிகுளம் ஒன்றியத்து மானாவாரிக் காட்டில் கூலி வேலை கிடையாது. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது, கோடை விடுமுறைக்கும் மதிய உணவு உண்டு என்று ஒன்றிய அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். பேரிடர் என்று பெயர் வைத்ததும் விடுமுறை குறுக்கே நிற்கவில்லை. அமெரிக்காவில் பள்ளி விடுமுறையில் ஏழைக் குழந்தைகள் சாப்பாட்டை இழக்கிறார்கள் என்று கண்டு 1968-இல் சோதனையாகத் தொடங்கிய கோடை உணவுத் திட்டம் இன்றும் நடக்கிறது. நியூயார்க் நகரில் பள்ளி, பூங்கா, நூலகம், நீச்சல் குளம் என்று அந்தந்தப் பகுதியிலேயே உணவு வைக்கிறார்கள். 18 வயது வரையுள்ள எவரும் பதிவு இல்லாமல், அடையாள அட்டை இல்லாமல் வந்து சாப்பிடலாம். பள்ளிச் சாப்பாட்டை இந்தியாவுக்கே முன்னோடியாக மக்கள் இயக்கமாக நடத்திக் காட்டிய மாநிலம் இந்த ஒரு விஷயத்தில் பின்தங்கி நிற்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வெயில் கூடக்கூட இந்தக் குறை பெரிதாகிறது. 2023-இல் ஜூன் முதல் வாரம் திறக்க வேண்டிய பள்ளிகள் வெயில் காரணமாக இரண்டு முறை தள்ளிப்போய், ஆறு முதல் பன்னிரண்டு வரை ஜூன் 12-லும், ஒன்று முதல் ஐந்து வரை ஜூன் 14-லும் திறந்தன. 2024-இல் ஜூன் 6 என்றிருந்தது 10-ஆனது. குழந்தையை வெயிலிலிருந்து காப்பாற்ற எடுத்த முடிவு என்ற அளவில் அது சரிதான். ஆனால் குழந்தை அந்த ஒரு வாரமும் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸோ தகரமோ போட்ட வீட்டுக்குள் மதியம் இரண்டு மணிக்கு இருக்கிற சூட்டைவிட, உயரமான கூரையும் சுற்றிலும் வேம்பும் உள்ள பழைய பள்ளிக் கட்டடத்தின் தாழ்வாரம் குளிர்ச்சியானது. பள்ளிக்கூடத்தை மூடுவது வேறு, பாடத்தை நிறுத்துவது வேறு. 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்களைக் கூடுதலாகப் பார்த்த அகமதாபாத், 2013-இல் நாட்டிலேயே முதலாக வெப்பச் செயல்திட்டம் போட்டது. நிழலும் குடிநீரும் உள்ள பொது இடங்களைத் திறந்துவைப்பது அதில் ஒரு பகுதி. தமிழ்நாடும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. பேரிடர் என்று ஒப்புக்கொண்டபின், ஊரின் மிகக் குளிர்ச்சியான கட்டடத்தை அக்னி நட்சத்திரம் முழுக்கப் பூட்டிவைப்பதற்கு நியாயம் சொல்வது கடினம்.

இந்த ஊர்ப்பக்கத்து விடுமுறையைப் பற்றிப் பேசும்போது தீப்பெட்டியைப் பேசாமல் இருக்க முடியாது. சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து தொடங்கியது, மழை பொய்த்த கரிசல் முழுக்கப் பரவியது. கோவில்பட்டி, கழுகுமலை, திருவேங்கடம் வட்டாரத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். மருந்து முக்குவதும் குச்சி அடுக்குவதும் பல இடங்களில் இயந்திரத்துக்குப் போய்விட்டாலும், பகுதி இயந்திர ஆபீஸ்களில் பெட்டிக்குள் குச்சி அடைப்பது இன்னும் பெண்களின் கைவேலை. குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்தால் எண்ணாமலே கைக்குக் கணக்குத் தெரியும். கூடக் குறைய இருந்தால் பெருவிரல் தள்ளிவிடும். உள்தட்டு மேல்கூட்டுக்குள் போன சத்தம் அடங்குமுன் அடுத்த பிடி கையில் இருக்கும். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. அந்தத் தாய்மாருக்குக் கோடை விடுமுறை கிடையாது. பிள்ளைக்கு மட்டும் உண்டு. காலை எட்டு மணிக்கு ஆபீஸ் வண்டி ஏறுகிறவர் மாலை திரும்பும்வரை, வீட்டில் ஆறு வயதுத் தம்பியை ஒன்பது வயது அக்கா பார்த்துக்கொள்கிறாள்.

1980-களில் விடியுமுன் கிராமம் கிராமமாக வந்து வண்டிகள் குழந்தைகளை ஏற்றிப்போனதை ஆய்வாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று, வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சத்துணவும் இலவசப் பாடநூலும் சைக்கிளும் சேர்ந்து அந்தக் காலத்தைப் பெரும்பாலும் பின்னுக்குத் தள்ளிவிட்டன. கரிசல் காட்டின் உண்மையான சாதனை இது. ஆனால் 2016-இல் வந்த திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை எல்லாத் தொழிலிலிருந்தும் விலக்கிய கையோடு, ஆபத்தான தொழில் அல்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறைக் காலத்திலும் குழந்தை உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. விடுமுறை என்று சட்டமே பெயர் சொல்லிக் குறிக்கிற அந்த நாட்களில் குழந்தைக்கு வேறு இடம் ஒன்றைக் காட்ட வேண்டிய கடமை அரசுக்கு இல்லையா? பள்ளி திறந்திருக்கும் நாளில் குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்பதில் ஊருக்குச் சந்தேகம் இல்லை. பூட்டியிருக்கும் நாளில்தான் சும்மா இருக்கிற கை என்று ஒருவர் கண்ணில் படுகிறது.

இதற்கு வருகிற முதல் மறுப்பு மனதுக்கு நெருக்கமானது. பிள்ளைகளை விடுமுறையிலாவது விட்டுவைக்கக் கூடாதா? ஆச்சி வீட்டுக்குப் போகட்டும், நுங்கு வண்டி உருட்டட்டும், வேப்ப மரத்தடியில் தாயம் ஆடட்டும், குலசாமி கோயில் கொடைக்குப் போய் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்கட்டும். இடைசெவலிலிருந்து எழுதிய கி. ராஜநாராயணன் காட்டிய கரிசல் பிள்ளைகள் எந்த முகாமுக்கும் போனவர்கள் அல்லர். இந்த மறுப்பில் எனக்கு முழு உடன்பாடு. கோடையை இன்னொரு பள்ளிப் பருவமாக்கி, காலையில் ஓவியம், பத்து மணிக்கு அபாகஸ் என்று அட்டவணை போடுவதை நானும் விரும்பவில்லை. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் உடனிருந்தவர்களும் 1996-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நீண்ட விடுமுறையில் மாணவர்கள் சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழக்கிறார்கள் என்று சொன்னதை வைத்து, விடுமுறையே கூடாது என்பவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் ஆச்சி வீடும் இன்று தீப்பெட்டி ஆபீஸுக்கு ஆள் அனுப்புகிற வீடுதான். தாயம் ஆடிய பொது வேம்புகள் பல சாலை அகலப்படுத்தலில் போய்விட்டன. சுதந்திரமாகத் திரிவதற்கும் ஓர் இடமும் வயிற்றுக்குக் கொஞ்சம் சோறும் வேண்டும். திறந்திருக்கிற பள்ளி மைதானத்துக்கு வருகைப்பதிவு வேண்டாம். வந்த பிள்ளை விளையாடும், பசித்தால் சாப்பிடும், வேண்டாமென்றால் ஆச்சி ஊருக்கு வண்டி ஏறும்.

நூலகத்தைப் பற்றியும் இதையே சொல்லலாம். இந்தியாவிலேயே விடுதலைக்குப் பின் வந்த முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணம் இயற்றியதுதான். அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலாகிறது; திருவேங்கடத்தில் ஓட்டு வீட்டுக்குத் தீர்வை கட்டுகிறவரும் அதைக் கட்டுகிறார். அதற்கும் முன்பே, 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பினார். வாசகரை வரச் சொல்லாமல் வாசகர் இருக்கிற இடத்துக்குப் புத்தகம் போக வேண்டும் என்ற அந்த எண்ணம் கோடைக்கு அளவெடுத்தது போலப் பொருந்தும். வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்குமேல்தான் பிள்ளைகள் வெளியே வருவார்கள். ஊர்ப்புற நூலகம் பல இடங்களில் அதற்குமுன் சாத்திவிடும். மே மாதம் மட்டும் நேரத்தைக் காலை ஏழு முதல் பத்து, மாலை ஐந்து முதல் எட்டு என்று மாற்றிவைப்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கிராம நூலகங்களோடு சேர்ந்து 'பாலவேதி' என்ற சிறுவர் அமைப்புகள் இயங்குகின்றன. மலைக்கு அப்பால் நடப்பது இப்பால் நடக்காது என்றில்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியின் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். 2022 ஜூனில், பள்ளி திறக்குமுன்பே, தொடர் வாசிப்பு இயக்கம் ஒன்றையும் அவர்களைக் கொண்டே நடத்தினார்கள். கோடையில், தெருவுக்குள், பெரிய செலவில்லாமல் ஒரு காரியம் மாநிலம் முழுக்க நடக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு உழைப்பவர்கள் பக்கத்திலிருந்து வருகிறது, அதனால் கனமானது. ஆசிரியர்களுக்கும் சத்துணவு ஊழியர்களுக்கும் ஓய்வு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். புகைக்கும் அனலுக்கும் நடுவே பத்து மாதம் நின்ற சமையலர் மே மாத வெயிலிலும் அடுப்படியில் நிற்க வேண்டும் என்று எந்த மனதோடு சொல்வது? ஆசிரியர்களை நான் இதில் இழுக்கவே இல்லை. இது பாடம் நடத்துகிற ஏற்பாடு அல்ல. சமையலுக்கு வழி உண்டு. காலை உணவுத் திட்டத்தைக் கிராமங்களில் மகளிர் சுய உதவிக்குழுப் பெண்கள் சமைத்து நடத்துகிறார்கள். கோடை மாதத்துக்கு அவர்களையே முறைவைத்து, நாள்கூலி பேசி அமர்த்தலாம். காட்டு வேலை இல்லாத மாதத்தில் அது அவர்களுக்கும் வருமானம். திருவேங்கடம் பேரூராட்சி என்பதால் கிராமங்களுக்கான அரசு வேலை உறுதித் திட்டம் ஊருக்குள் கிடையாது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். செலவைப் பற்றிச் சொன்னால், கட்டடம், அடுப்பு, அண்டா, தட்டு எல்லாம் ஏற்கெனவே வாங்கியவை. புதிதாகச் செலவு அரிசி, பருப்பு, முட்டை, கூலி. நடைமுறையில் இவற்றைவிடப் பெரிய சிக்கல் சாவி யார் கையில் என்பதுதான். பொருள் களவு போனால், பிள்ளைக்கு அடிபட்டால் தலைமையாசிரியர் தலையில் விழும் என்ற பயம் உண்மையானது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்டு அமைந்த பள்ளி மேலாண்மைக் குழு ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. விடுமுறை நாட்களுக்கு மட்டும் சாவியும் பொறுப்பும் அந்தக் குழுவுக்கும் பேரூராட்சிக்கும் எழுத்துப்படி மாற வேண்டும். எழுத்தில் இல்லாத பொறுப்பை எந்தத் தலைமையாசிரியரும் ஏற்க மாட்டார். ஏற்கச் சொல்வதும் தவறு.

எழுத்துப்படி பொறுப்பு என்பதை நாம் வெளியூரிலிருந்து கற்க வேண்டியதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட செய்திகள் உண்டு. பந்தல் போட்டதோடு முடியாமல், தண்ணீர் கொண்டுவருபவருக்கு இவ்வளவு, கலம் கொடுக்கிற குயவருக்கு இவ்வளவு, வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பவருக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதிவைத்தார்கள். இன்று ஏப்ரல் மாதம் பேருந்து நிலையங்களில் எல்லாக் கட்சிகளும் நீர்மோர்ப் பந்தல் திறக்கின்றன. அந்த நல்ல மனதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் திறந்த நாளில் தர்ப்பூசணியும் மோரும் கொடுத்த பந்தலில் மே இருபதாம் தேதி பானையை நிரப்ப ஒருவரைப் பெயர் குறித்து அமர்த்தியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. சங்கரன்கோவில் வண்டிக்கும் கோவில்பட்டி வண்டிக்கும் திருவேங்கடத்தில் காத்து நிற்கிற கிழவிக்குத் தேவை அந்த மே இருபதாம் தேதித் தண்ணீர்.

தென்காசி முகாமுக்கே அனுப்பிவிடலாமே, பேருந்து வசதிதான் இருக்கிறதே என்பது கடைசி மறுப்பு. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாணவர்களுக்குப் பள்ளி நாட்களில் இலவசப் பயண அட்டை இருக்கிறது. சங்கரன்கோவில்வரை டவுன்பஸ் கிடைத்தால் தாயும் மகளும் டிக்கெட் இல்லாமல் போய்விடலாம். பத்து வயது மகனுக்கு விடுமுறையில் அட்டை செல்லாது. அங்கிருந்து தென்காசிக்குப் போகிற வெளியூர் வண்டியில் எல்லாருக்கும் டிக்கெட். போக வர அரை நாள் வண்டியிலேயே கழியும்; காலை ஆறரை மணிப் பயிற்சிக்குத் திருவேங்கடத்துப் பிள்ளை போய்ச் சேரவே முடியாது. தீப்பெட்டி ஆபீஸில் அன்றைய கூலியை விட்டுவிட்டு யார் கூட்டிப்போவது என்பதும் இருக்கிறது. பயிற்றுநரை இங்கே அனுப்பினால் அவர் ஒருவருக்குத்தான் பயணச்செலவு. அப்படி ஒருவர் வருவாரென்றால் கைப்பந்துக்கும் முன்னால் நீச்சலைச் சொல்லித்தரச் சொல்வேன். கரிசல் காட்டுக் கிணறுகள் ஆழமானவை; படி சரிந்தவை பல; கண்மாய்களில் மண் அள்ளிய குழிகள் எங்கே இருக்கின்றன என்று மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராமல் இருப்பதில்லை. பாதுகாப்பான கிணறு ஒன்றைப் பேரூராட்சி தேர்ந்தெடுத்து, படியைச் செப்பனிட்டு, கயிறும் மிதவையும் கட்டி, காலையில் ஆண் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம், மாலையில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் என்று மே மாதம் முழுக்க ஒரு பயிற்றுநரை நிறுத்தட்டும். சுற்றுக் கிராமங்களில் தண்ணீர் நிற்கிற மற்றக் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் உண்டா என்று கிராம நிர்வாக அலுவலர்கள் ஏப்ரல் பதினைந்துக்குள் பார்த்துத் தாசில்தாரிடம் பட்டியல் கொடுக்கட்டும். அடுத்த கோடைக்கு இந்த இரண்டையும், சத்துணவுக் கூடத்தின் சாவியைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் ஒப்படைக்கிற ஆணையையும், விடுமுறை தொடங்குமுன் ஏற்பாடு செய்து முடிக்கலாம்.